பேசாத மாடல்

இப்போதெல்லாம் எவனும் ஒரு பொருளைப் பொருளாக விற்பதில்லை. படிக்கட்டாக விற்கிறான். சோப்பு வாங்கப் போனால் கீழே ஒரு சோப்பு, அதற்கு மேல் ஒரு சோப்பு, அதற்கும் மேல் ஒரு சோப்பு. மூன்றும் அழுக்கைத்தான் எடுக்கும். அதையும் நாம்தான் தேய்க்க வேண்டும். முடி வெட்டப் போனால் நாற்காலியில் உட்காருவதற்குள் 'நார்மலா, டீலக்ஸா' என்கிறான். ஒருமுறை தெரியாமல் டீலக்ஸ் என்று சொல்லிவிட்ட ஒரு கிழவர், கண்ணாடியை முறைத்தபடி கடைசிவரை காத்திருந்தார். அதே கத்தரி, அதே சீப்பு, அதே ஈரத் துண்டு. வெட்டி முடித்தவன் துண்டை உதறிவிட்டு 'சார்' என்றான். டீலக்ஸ் என்பது அவ்வளவுதான். அன்றிலிருந்து யாராவது அவரைச் 'சார்' என்றால் சட்டைப் பையைப் பொத்திக்கொள்வார்.

அவருக்குத் தட்டிப்பார் என்று பெயர். புதிதாகக் கேட்பவர்கள், மரியாதைக்காக 'ஆர்' சேர்த்திருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். மரியாதையெல்லாம் ஒன்றும் இல்லை. எதை வாங்கினாலும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். பானை, பலகை, இரும்புக் குழாய், தர்பூசணி. மகளைக் கட்டிக்கொள்ள வந்தவனையும் முதுகில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, சத்தம் சரியில்லை என்று திருப்பி அனுப்பியதாகத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அவர் அதை மறுத்ததில்லை.

தொழில், ஆழ்துளைக் கிணற்றில் சிக்கிய மோட்டாரை மேலே தூக்குவது. மூன்று இரும்புக் குழாய்களைத் தலையில் சேர்த்துக் கட்டி, முக்காலி மாதிரி நிறுத்தி, நடுவில் சங்கிலியைப் போட்டு இழுக்க வேண்டும். ஒவ்வொரு குழாயும் பதினோரு சாண் நீளம். ஒரு சாண் குறைந்தாலும் மோட்டார் மேலே வராது. சங்கிலி அவர் கையில். வண்டியும் கணக்குவழக்கும் வாயும் மகள் கையில். முப்பத்தைந்து வயது மகள். வாடிக்கையாளர்கள் அவரைத் தேடி வந்து அவளிடம் பேசிவிட்டுப் போவார்கள்.

வண்டி, பின்னால் தொட்டி வைத்த பழைய பிக்கப். இருபத்திரண்டு வருஷம் உழைத்தது. போன மாதம் தகுதி பார்க்கும் அதிகாரி வந்து, ஓட்டுநர் காலடித் தகரத்தைத் தன் பேனாவால் குத்திப் பார்த்தார். பேனா உள்ளே போய் ரோட்டில் விழுந்தது. அதைத் தேடி எடுத்துத் துடைத்துக் கொடுத்த பிறகு, அதே பேனாவால் முப்பது நாள் கெடு எழுதினார். தகரத்தை மாற்று, இல்லாவிட்டால் வண்டியை மாற்று.

தகரத்தை வெல்டர் ஒட்டிவிடுவார். ஆனால் இருக்கை? ஓட்டுநர் இருக்கையின் ஸ்பிரிங் என்றோ உடைந்துபோய், இடப் பக்கம் பள்ளமாகி, அதில் ஒரு கோணிப்பையை மடித்துப் போட்டுத்தான் மகள் ஓட்டினாள். அவள் இடுப்பைப் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "ஒண்ணு சீட்டை மாத்துங்க, இல்ல தொழிலை மாத்துங்க" என்றார். அந்த வண்டிக்குச் சீட்டு எங்கேயும் கிடைக்கவில்லை. காலையில் அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதைக் கிழவர் இரண்டு மாதமாகப் பார்க்காதவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவரே சொன்னார், "புது வண்டி பார்த்துடலாம்."

தீய்ந்துபோய்ப் புதுக் காயில் கட்டக் கொடுத்த மோட்டாரை வாங்கிக்கொண்டு, மகள் ஆட்டோவில் பன்னிரண்டு மணிக்கு ஷோரூமுக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. கிளம்பும்போது எச்சரித்துவிட்டுத்தான் போனாள்.

"அப்பா, சாதா மாடலை மட்டும் பாருங்க. மேல மேல ஏத்தி விடுவாங்க. ஏறிடாதீங்க."

"நான் மோட்டாரைத்தான் மேல ஏத்தறவன். ஏறறவன் இல்லை."

முக்காலிக் குழாய்களோடு பழைய வண்டியை ஷோரூம் வாசலில் நிறுத்தினார். காவலாளி ஓடி வந்து, அந்த வண்டியைக் கண்ணாடிக்கு நேராக நிறுத்தக் கூடாது, உள்ளே இருக்கும் வண்டிகளின் மனசு கஷ்டப்படும் என்கிற மாதிரி கையை ஆட்டினான். ஓரமாக விட்டுவிட்டு உள்ளே போனார். குளிர் எலும்பில் ஏறியது. தரை முகம் தெரிகிற மாதிரி இருந்தது. கோட்டுப் போட்ட ஒரு பெண் வந்து, கழுத்தில் வெள்ளைக் கயிற்றில் ஒரு வெள்ளை அட்டையை மாட்டிவிட்டாள். அவள் சட்டையில் 'பயண வழிகாட்டி' என்று எழுதியிருந்தது. கிழவர் எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"நான் எங்கேயும் பயணம் போகலைம்மா. வண்டி பார்க்க வந்தேன்."

"வண்டி வாங்கறதே ஒரு பயணம்தான் சார்."

சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார். "சாதா மாடல் காட்டு."

"சாதான்னு எங்ககிட்ட எதுவும் இல்லை சார். இந்தக் கட்டடத்துக்குள்ள அந்த வார்த்தையே கிடையாது." பிறகு, ஆஸ்பத்திரியில் நோயின் பெயரைக் கேட்பது போலக் குரலைத் தாழ்த்தினாள். "பேஸ் மாடலா சார்?"

கிழவருக்கு உடனே புரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரின் கார் பேசும். கதவு திறந்திருக்கிறது என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லும். ராத்திரியெல்லாம் வீட்டுக்காரர் பேசுகிறாரா கார் பேசுகிறதா என்று தெரியாது. இவர்களிடமும் அந்த மாதிரி ஒன்று இருக்கிறது. பேசு மாடல்.

"ஐயோ, பேசு மாடல் வேண்டவே வேண்டாம். பேசாத மாடல் இருந்தா காட்டு."

பெண்ணின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வாடிக்கையாளரை அவள் கண்டதில்லை. உள்ளே வந்து ஒரு நிமிஷம் ஆகவில்லை, யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தானாகவே பேஸ் வேண்டாம் என்கிறார். கையிலிருந்த பலகையில் எழுதிக்கொண்டாள். வெள்ளை அட்டையைக் கழற்றிவிட்டு நீல அட்டை மாட்டினாள். யாரோ ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். இன்னொருவர் தேநீர் கொடுத்தார். வெள்ளை அட்டையோடு சுவரோரம் நின்றுகொண்டிருந்த இரண்டு பேர் அவரைப் பொறாமையோடு பார்த்தார்கள். பேசாத வண்டிக்கே இத்தனை மரியாதை என்றால் இவர்களும் பேச்சினால் நொந்தவர்கள்தான் என்று கிழவர் நினைத்துக்கொண்டார்.

அடுத்த படிக்குப் பிரைடு என்று பெயர். கிழவர் முதலில் தொட்டியைத் தட்டினார். பிறகு கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து, விளிம்பில் வைத்துச் சாண் போட்டார். பத்து.

"ஒரு சாண் பத்தாதே."

"உள்ள வந்து பாருங்க சார்," என்றாள் வழிகாட்டி.

இருக்கை நன்றாகத்தான் இருந்தது. எதிரே பலகையில் வரிசையாக ஐந்து பொத்தான்கள். ஒன்றை அமுக்கினார். அமுங்கவில்லை.

"இது எதுக்கு?"

"இது எதுக்கும் இல்லை சார். அடுத்த மாடல்ல இந்த இடத்துல அஞ்சு பட்டன் இருக்கும். இதுல மூடி மட்டும்."

"எதுக்கும் இல்லாததை எதுக்கு வச்சிருக்கீங்க?"

"தினமும் பார்ப்பீங்க இல்லையா சார். நம்ம வண்டியில இது இல்லை, இது இல்லைன்னு அஞ்சு தடவை தோணும். அடுத்த தடவை மேல வருவீங்கன்னு கம்பெனி நம்புது."

ஏக்கத்தைக்கூட அச்சில் வார்த்து ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். கிழவர் கதவைச் சாத்தினார்.

"இது பேசுமா?"

"கொஞ்சம் சார். பெல்ட் போடலைன்னா சொல்லும்."

"கொஞ்சம்னாலும் பேச்சு பேச்சுதானே. எனக்குப் பேசாததுதான் வேணும். வேற காட்டு."

அவள் ஓட்டமும் நடையுமாக உள்ளே போய்ச் சொன்னாள்: 'பிரைடையும் தள்ளிவிட்டார்.' வெள்ளி அட்டை வந்தது. நாற்காலி போய்ச் சோபா வந்தது. ராயல் மாடலுக்கு என்று தனியாக ஒருவர் இருந்தார். அவருக்கு 'உயர்வு ஆலோசகர்' என்று பட்டம். எப்போதும் ஏதோ நல்ல செய்தியைச் சொல்லப் போகிறவர் போல இரண்டு கைகளையும் சேர்த்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

கிழவர் சாண் போட்டார். ஒன்பது.

"ஏம்ப்பா, படி ஏற ஏற வண்டி வளரும்னு பார்த்தா தேயுதே."

"தொட்டிதான் சார் தேயுது. கேபின் வளருது. எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க."

"உடம்பு எட்டு சாண் இருக்கட்டும்னும்தானே அதுல சொல்லியிருக்கு. இது பேசுமா?"

"நல்லாவே பேசும் சார்," என்றார் ஆலோசகர் பெருமையாக. "வெளியில மழை பெஞ்சா, மழை பெய்யுதுன்னு சொல்லும்."

"கண்ணாடி வழியாத் தெரியாதா?"

"தெரியும். இது உறுதிப்படுத்தும்."

கிழவர் எழுந்துவிட்டார். ராயல் பிளஸ்ஸைக் காட்டினார்கள். எட்டு சாண். மழையோடு வெயிலையும் உறுதிப்படுத்துமாம். அதற்கும் ராயலுக்கும் வேறு என்ன வித்தியாசம் என்று வண்டியை இரண்டு முறை சுற்றி வந்து, எல்லா இடத்திலும் தட்டிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"பின்னால பாருங்க சார். பிளஸ்னு எழுதியிருக்கு."

"எழுத்து மட்டும்தானா?"

"பித்தளை எழுத்து. ஓட்டும்போது உங்களுக்குத் தெரியாது சார். பின்னால வர்றவனுக்குத் தெரியும்."

"அப்ப அந்த எழுத்துக்கு ஆகற காசை பின்னால வர்றவன்கிட்ட வாங்கிக்க."

ஆலோசகர் கையைத் தேய்ப்பதை நிறுத்தினார். பித்தளை எழுத்தையே பொருட்படுத்தாத மனிதரை இனி ஒரே ஓர் இடத்துக்குத்தான் கூட்டிப்போக முடியும். அவர் வழிகாட்டியைப் பார்த்தார். வழிகாட்டி மேலே இருந்த கண்ணாடி அறையைப் பார்த்தாள். அங்கிருந்து மேலாளர் இறங்கி வந்தார்.

கழுத்தில் ஊதா அட்டை விழுந்தது. வெதுவெதுப்பான துண்டு ஒன்று கொடுத்தார்கள். முகத்துக்கா கைக்கா என்று தெரியாமல் கிழவர் அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். தனி அறை. ஊதாத் திரை. திரை தானாக விலகியது. உள்ளே எம்பரர் நின்றது. அறையில் இருந்தவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். தொட்டிக்குள் கால் வைக்கப் போன கிழவரைச் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே கம்பளம் விரித்திருந்தது.

சாண் போட்டார். ஆறு. சந்தேகப்பட்டு மறுபடி போட்டார். ஆறேதான்.

"இதுல எதை ஏத்தறது?"

மேலாளர் இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் போலச் சிரித்தார்.

"சார், பிக்கப்புன்னா ஏத்தறதுக்குன்னு நினைக்கிறவங்க இன்னும் இருக்காங்க. அவங்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனா யோசிச்சுப் பாருங்க. சரக்கு ஏத்தறவன் யாருக்காக ஏத்தறான்? அடுத்தவனுக்காக. தனக்காக வாழறவன் எதையும் ஏத்தமாட்டான். எங்க எம்பரர் வாடிக்கையாளர் ஒருத்தர், வாங்கி மூணு வருஷமாச்சு, பின்கதவைத் திறந்ததே இல்லை. அதைத்தான் நாங்க திருப்தின்னு சொல்றோம்."

"அவருக்குச் சரக்கே கிடையாதா?"

"இருக்கு. அதுக்கு வேற வண்டி வாடகைக்கு வச்சிருக்கார்."

அப்போதுதான் மகள் வந்தாள். மோட்டாரைப் பழைய வண்டியின் முன் இருக்கையில் வைத்துவிட்டு, ஒரு கையை இடுப்பில் கொடுத்தபடி நடந்து வந்தவள், அப்பாவின் கழுத்தில் ஊதா அட்டையையும் தோளில் வெள்ளைத் துண்டையும் பார்த்து நின்றுவிட்டாள்.

"என்னப்பா இது, யாருக்கு முடிசூட்டு?"

"நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதாம்மா. அதுக்கே இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்துட்டாங்க."

"மேடம் உட்கார்ந்து பார்க்கட்டும்," என்றார் மேலாளர்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். இருக்கை லேசாக முனகி, அவள் முதுகின் வளைவுக்குத் தன்னை மாற்றிக்கொண்டது. இடுப்புக்குப் பின்னால் ஏதோ ஒன்று மெதுவாக உப்பி வந்து தாங்கியது. மகள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள். நெற்றியில் இரண்டு மாதமாக இருந்த கோடு போய்விட்டது.

கிழவர் அதைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். ஆறு சாண். பதினோரு சாண் குழாயில் ஐந்து சாண் வெட்டினால் என்ன ஆகும் என்று ஒரு கணம் கணக்குப் போட்டார். வெட்டினால் தொழில் போகும். வெட்டாவிட்டால் இடுப்பு போகும். வாழ்க்கையில் முதல் தடவையாக, தட்டிப் பார்க்காமலே ஒரு பொருளைச் சரி என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார்.

அதே நேரத்தில் எங்கோ மணி அடித்தது. பத்துப் பேர் கைதட்டினார்கள். ஒரு பெண் ரிப்பனும் கத்தரிக்கோலும் கொண்டுவந்தாள்.

"யாருக்கு?" என்றார் கிழவர்.

"உங்களுக்குத்தான் சார். வாடிக்கையாளர் கண்ணை மூடினா வாங்கினதுன்னு அர்த்தம். எங்க பயிற்சியில அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்காங்க," என்றாள் வழிகாட்டி.

மகள் கண்ணைத் திறந்தாள். தொழில்காரி. "ரிப்பன் இருக்கட்டும். முதல்ல குழாயை ஏத்திப் பார்க்கலாம்ப்பா."

மேலாளர் கம்பளத்தைப் பார்த்தார். கிழவர் அதற்குள் வெளியே போய், ஒரு குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு, பளபளத் தரையில் கிறீச்சிடும் செருப்போடு வந்துவிட்டார். தொட்டியில் சாய்த்தார். ஆறு சாண் உள்ளே, ஐந்து சாண் வெளியே.

வண்டி பேசியது.

"வணக்கம். தங்கள் வருகை நல்வரவாகுக. பின்பகுதியில் அறிமுகமில்லாத பொருள் ஒன்று கண்டறியப்பட்டுள்ளது."

கிழவர் குழாயை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"வண்டியின் கண்ணியம் கருதி அப்பொருளை அகற்றவும்," என்றது வண்டி. பிறகு தானே முடிவெடுத்துத் தொட்டியின் மூடியை மூடியது. மூடி குழாயில் இடித்தது. "மன்னிக்கவும்," என்றது. திறந்தது. மறுபடி மூடியது. இடித்தது. "மன்னிக்கவும்." மூன்றாவது தடவை இடித்தபோது, என்ன நடக்கிறது என்று தெரியாத ரிப்பன்காரப் பெண் மறுபடி கைதட்டினாள்.

"நிறுத்துங்கய்யா," என்றார் கிழவர். "எனக்கு ஒண்ணு புரியலை. நான் வாசல்ல கால் வைக்கும்போதே சொன்னேன், பேசாத மாடல்தான் வேணும்னு. ஒவ்வொண்ணுலயும் கேட்டேன், இது பேசுமா, இது பேசுமான்னு. இதுதான் பேசாத மாடல்னா, நீங்க முதல்ல சொன்ன பேசு மாடல் எப்படித்தான் பேசும்? ராத்திரி தூங்கவே விடாதே."

"மன்னிக்கவும்," என்றது வண்டி.

"உன்னைக் கேட்கலை."

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிக்கும்போது வலித்தது, வலியோடு சிரித்தாள்.

"அப்பா, அது பேசு மாடல் இல்லைப்பா. பேஸ். பேஸ் மாடல். அடி மாடல்னு அர்த்தம். அதுதான் சாதா."

"அது பேசுமா பேசாதா?"

"அதுக்கு வாயே கிடையாது."

கிழவர் கழுத்திலிருந்த ஊதா அட்டையைக் கழற்றி, தோளில் இருந்த துண்டோடு சேர்த்து மேலாளர் கையில் கொடுத்தார். "அப்ப அதைக் காட்டு."

மேலாளரின் குரல் முதல்முறையாக வெள்ளை அட்டைக்காரர்களிடம் பேசும் குரலாக மாறியது. "பேஸ் எங்ககிட்ட பார்க்கறதுக்கு இல்லை. விக்கறதுக்கும் ரொம்ப இல்லை. விளம்பரத்துல 'விலை இதிலிருந்து ஆரம்பம்'னு போடணும் பாருங்க. ஆரம்பம்னு போட ஒரு வண்டி வேணும். அதுக்குப் பேர்தான் பேஸ்."

"பணம் கட்டினா?"

"பதினாலு மாசம் ஆகும்."

"இந்த ராஜா வண்டி?"

"இப்பவே எடுத்துட்டுப் போகலாம். பின்னால பத்து நிக்குது, கேக்க ஆள் இல்லை. அதனாலதான் சார் அது அபூர்வம்."

பதினாலு மாசம் என்றதும் மகளின் கை மறுபடி இடுப்புக்குப் போனது. அவள் எம்பரரிலிருந்து இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கிழவர் அதையும் பார்க்காதவர் மாதிரி பார்த்தார்.

குழாயை எடுத்துக்கொண்டு பின்பக்கக் கதவு வழியாக வெளியே வந்தார்கள். பழுது பார்க்கும் கொட்டகை, எண்ணெய் வாசனை, டயர் குவியல். அப்போதுதான் ஒரு வெள்ளைப் பிக்கப் உள்ளே வந்து நின்றது. உடம்பெல்லாம் நசுங்கல், கீறல். தொட்டியில் எம்பரரின் இரண்டு முன்மூடிகளும், ராயலின் நாலு கதவுகளும், ஒரு முழு எஞ்சினும் ஏற்றியிருந்தது. பக்கவாட்டில் எந்தப் பெயரும் இல்லை.

கிழவர் குழாயைச் சுவரில் சாய்த்துவிட்டு நேரே போய்ச் சாண் போட்டார். பன்னிரண்டு. விரல் முட்டியால் தட்டினார். கெட்டியான சத்தம். இரண்டு மணி நேரத்தில் முதல்முறையாக அவர் காது சந்தோஷப்பட்டது.

வண்டியிலிருந்து மெக்கானிக் இறங்கினார். "என்ன பெரியவரே, தட்டறீங்க? போன வருஷம் எங்க வீட்டு மோட்டாரைத் தூக்கினது நீங்கதானே?"

"நாங்கதான். இது என்ன வண்டி?"

"இதுவா, பேஸ். நாலு வருஷமா எங்க வேலைக்கு இதுதான். பொருள் ஏத்தணும்னா வேற எதுல ஏத்தறது?" ஷோரூம் பக்கம் மோவாயை நீட்டினார். "அதெல்லாம் விக்கறதுக்கு."

மகள் ஓட்டுநர் கதவைத் திறந்து பார்த்தாள். நின்ற இடத்திலேயே அப்பாவைக் கூப்பிட்டாள். உள்ளே இருந்தது எம்பரரின் இருக்கை.

"எனக்கும் முதுகு இருக்கே," என்றார் மெக்கானிக், கொஞ்சம் வெட்கத்தோடு. "போன மழைக்கு ஒரு எம்பரர் கால்வாய்ல கவுந்து வந்துச்சு. சீட்டு மட்டும் நல்லா இருந்துச்சு. கீழ்மாடல், மேல்மாடல் எல்லாத்துக்கும் அடியில அதே நாலு போல்ட்டுதான் பெரியவரே. இடம்கூட மாறாது."

பின்னாலேயே வந்துவிட்ட மேலாளரிடம் கிழவர் திரும்பினார். "இதைக் கொடுங்க. இதேதான். இந்தத் தொட்டி, இந்தச் சீட்டு."

"அப்படி ஒரு வண்டி எங்ககிட்ட இல்லை சார்," என்றார் மேலாளர், வண்டியின் மேல் கை வைத்துக்கொண்டு.

"உங்க கை எதுமேல இருக்கு?"

மேலாளர் கையை எடுத்தார். "படிவத்துல இதுக்குக் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாததை நாங்க பார்க்கக் கூடாது."

"சீட்டு மட்டுமாவது?"

"சீட்டு தனியா விக்கறது இல்லை. சீட்டுங்கறது ஒரு அனுபவம். அதை அனுபவிக்கணும்னா அதைச் சுத்தி ஒரு எம்பரர் இருக்கணும்." சொல்லிவிட்டு, அந்த வாக்கியம் தனக்கே பிடித்துப்போய், அதை மறந்துபோவதற்குள் எழுதிவைக்க உள்ளே போனார்.

மெக்கானிக் அவர் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கொட்டகை மூலையில் காவலாளி உட்காரும் இருக்கையைக் காட்டினார். அதே எம்பரர். கவிழ்ந்த வண்டியின் இன்னொரு சீட்டு.

"அது கணக்குல இல்லாத பழைய இரும்பு. எடைக்குப் போடற பொறுப்பு என்னுது. வெள்ளிக்கிழமை ஆள் வருவான். எடை குறையாம இருந்தாப் போதும், என்ன இரும்புன்னு யாரும் பார்க்கறதில்லை."

கிழவரின் வண்டியில் போன வாரம் கிணற்றிலிருந்து எடுத்த, துருப்பிடித்து உயிர்போன மோட்டார் ஒன்று கிடந்தது. சீட்டுக்குப் பதில் அதைக் கொடுக்கலாம் என்று இரண்டையும் தராசில் வைத்தார்கள். மோட்டார்தான் கொஞ்சம் கனம். கம்பெனிக்கு லாபம்.

வாசலுக்கு வெளியே, பழைய வண்டியில், அரை மணி நேரத்தில் நாலு போல்ட்டும் ஏறிவிட்டன. துளைகளில் இரண்டு சரியாகப் பொருந்தின. இரண்டை மெக்கானிக் கெட்ட வார்த்தை சொல்லிப் பொருத்தினார்.

"இது பேசுமா?" என்று கேட்டார் கிழவர், இருக்கைக்கு அடியில் தொங்கிய ஒயர்களைப் பார்த்து.

"ஒயர் கொடுத்தாப் பேசும். உப்பிக்கூட வரும்."

"கொடுக்காதே."

அப்போது வழிகாட்டிப் பெண் மூச்சு வாங்க ஓடி வந்தாள். கையில் ஒரு படிவம். "சார், எங்க சேவை எப்படி இருந்துச்சுன்னு மட்டும் ஒரு குறி போட்டுடுங்க. நன்று, மிக நன்று, மிக மிக நன்று."

கிழவர் மூன்றையும் எழுத்துக் கூட்டி வாசித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"சரியில்லைன்னு இல்லையே."

"அது பேஸ் ஃபார்ம்ல இருக்கும் சார். பேஸ் ஃபார்ம் ஸ்டாக் இல்லை."

அவர் தாளை விரல் முட்டியால் ஒருமுறை தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மகள் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தாள். முதுகைச் சாய்த்தாள். எதுவும் உப்பி வரவில்லை. இருந்தாலும் நெற்றிக் கோடு இல்லை.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குப்பா. ஏறுங்க, வெல்டர்கிட்ட போயிட்டு வீட்டுக்குப் போகலாம்."

பக்கத்து இருக்கையில் காயில் கட்டிய மோட்டார் வார்னிஷ் காயாமல் உட்கார்ந்திருந்தது. காலடியில் ரோடு தெரிந்தது. கிழவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் புது இருக்கையின் முதுகைத் தட்டினார். பொத்தென்று ஒரு சத்தம். அதில் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"பஞ்சு. எத்தனை நாளைக்கு வருதுன்னு பார்ப்போம்."

"இன்னைக்காவது ஒரு பொருளை நல்லாயிருக்குன்னு சொல்லுங்களேன்."

"நீ போ. வெல்டர் கடை பக்கம்தானே, நான் நடந்து வர்றேன்."

கழற்றி ஓரமாகப் போட்டிருந்த பழைய இருக்கையைக் காவலாளி ஏற்கெனவே நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். கிழவர் அவனை எழுப்பி, அதன் பள்ளத்தில் கிடந்த கோணிப்பையை மட்டும் எடுத்தார். உதறினார். மடித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.